எத்தனை செல் போட்டார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தேய்ந்த மூட்டு திரும்ப முளைக்கும் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

நான் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் 11 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி, கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்க்கும் வேலை. அந்தச் செல்களின் மீது எனக்கு மிகுந்த பிரியமும் மரியாதையும் உண்டு, இன்றைக்கும். உங்கள் கட்டுரை பொய் என்று சொல்ல வரவில்லை. பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் என் அம்மா போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மீதிப் பாதியையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடமில்லை என்றால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், எண்களை வெட்டாதீர்கள்.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

லைப்போசக்‌ஷன் செய்து உறிஞ்சிய கொழுப்பு ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது, மஞ்சளும் சிவப்பும் கலந்து, ரத்தமும் உப்புத் தண்ணீருமாகக் கலங்கியிருக்கும். முதல் வேலை கழுவுவது. உப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, சற்று நேரம் நிற்க வைத்தால் கொழுப்பு மேலே எழும்பும், சிவப்பு நீர் கீழே இறங்கும். அதை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். நீர் தெளியும்வரை இதேதான். அப்புறம் கொலாஜினேஸ் என்ற என்சைமைச் சேர்ப்போம். செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் கொலாஜன் வலையை அறுப்பது அதன் வேலை. 37 டிகிரி சூட்டில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிகட்டியாக இருந்தது கூழாகிவிடும். நேரம் கூடினால் வலையோடு சேர்ந்து செல்லும் அடிபடும். நேரம் குறைந்தால் பாதிச் செல்கள் வலையிலேயே சிக்கிக் கிடக்கும். இந்த ஒரு மணி நேரத்தில் நான் காபி குடிக்கக்கூட எழுந்து போனதில்லை.

பிறகு குழாய்களில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றுவோம். சுற்றி எடுத்தால் குழாய்க்குள் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். உச்சியில் எண்ணெய். அதற்குக் கீழே முதிர்ந்த கொழுப்புச் செல்கள் மிதக்கும். நடுவில் நீர். அடிமுனையில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, செம்மண் நிறத்தில் ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டில் நிறைய வந்த கொழுப்பில் எங்களுக்கு வேண்டியது அந்தப் படிவு மட்டும்தான்.

கொழுப்பை இப்படிப் பிரிக்கும் முறையை 1964இல் எழுதி வெளியிட்டவர் மார்ட்டின் ராட்பெல் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். அவருக்கு வேண்டியிருந்தது மேலே மிதந்த கொழுப்புச் செல்கள். ஹார்மோன் வந்து தொட்டால் செல்லுக்குள் சேதி எப்படிப் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தப் பாதையில் போய் 1994இல் நோபல் பரிசும் வாங்கினார். அடியில் படிந்ததன் அருமை உலகத்துக்குத் தெரிய 2001 வரை ஆனது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா சுக், மார்க் ஹெட்ரிக் உள்ளிட்ட குழுவினர், உறிஞ்சி எடுத்த கொழுப்பில் இருந்த செல்களை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் தசையாகவும் திருப்ப முடிகிறது என்று அந்த ஆண்டில்தான் காட்டினார்கள். அதுவரை இப்படிப்பட்ட செல்லுக்கு இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஜ்ஜையில் அவை பத்தாயிரம், லட்சம் செல்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கிடைக்கும். கொழுப்பில் அதைவிடப் பல மடங்கு அதிகம். எடுப்பதும் சுலபம், வலியும் குறைவு. இந்த இடம்வரை உங்கள் கட்டுரை சொன்னது சரி.

அடுத்த வரியில்தான் சறுக்கிவிட்டது. அடியில் படிந்ததை 'ஸ்டெம் செல்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். அது ஸ்டெம் செல் மட்டும் இல்லை, ஒரு கலவை. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் இருக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள், நார்ச் செல்கள் இருக்கும். ரத்தச் சிவப்பணுக்களும் ஏகத்துக்கு இருக்கும். நாங்கள் தேடும் செல்கள் நூற்றில் சில. அவற்றைத் தனியே பிரிக்க, படிவைக் கரைத்து பிளாஸ்டிக் குடுவையில் ஊற்றி இன்குபேட்டரில் வைப்போம். ஓரிரு நாளில் நமக்கு வேண்டிய செல்கள் குடுவையின் தரையைப் பற்றிக்கொள்ளும். பற்றாததைக் கழுவி எடுத்துவிடுவோம். மூன்றாம் நாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக, இரண்டு பக்கமும் கூர்ந்த நெசவுத்தறி நாடா போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் தரை முழுக்கப் பரவி, மீன்கூட்டம் வளைந்து திரும்புவது போல ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி சலித்ததில்லை.

அதன் பிறகும் அவற்றை உடனே ஸ்டெம் செல் என்று சொல்லிவிட முடியாது. செல் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் 2006இல் வகுத்த அளவுகோல் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற அடையாளங்கள் இருக்க வேண்டும். ரத்தச் செல்களின் அடையாளங்கள் இருக்கக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். கிருமி இல்லை என்று தனியாகச் சோதிக்க வேண்டும். கோடிக்கணக்கில் பெருக்கி, எண்ணி, உயிரோடு இருப்பவை எத்தனை என்று சாயம் போட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப எங்களுக்கு மூன்று வாரம் ஆகும். காலையில் கொழுப்பை உறிஞ்சி, பிற்பகலில் முழங்காலில் ஊசி போட்டு, மாலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் போட்டது கலவையைத்தான். கலவையும் பயன்படலாம், அதை வைத்தும் நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் கிடைத்த பலனைக் காட்டி இன்னொன்றை விற்கக் கூடாது.

இனி அம்மாவின் கதை.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், வலதுகால் கூடுதல். எலும்பு மருத்துவர் சொன்னபடி தொடைத் தசைக்கான பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தார். வலி தாங்க முடியாமல் போனால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு யோசிக்கலாம் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். நான் வேலை விஷயமாக ஒரு மாதம் வெளியூரில் இருந்தபோது, அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து நான் பார்த்தபோது அம்மாவின் வயிற்றில் இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. முழங்காலில் பிளாஸ்திரி.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"உன்கிட்ட என்னடி கேக்கணும்? நீ இத்தனை வருஷமா பண்ற வேலைதானே. அந்த செல் அப்படி வளருது, இப்படி மாறுதுன்னு வீட்டுக்கு வந்து நீதானே சொல்லுவே. அதைத்தான் எனக்கும் போட்டாங்க" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மைதான். எலும்பாக மாறிய செல்களுக்குச் சாயம் ஏற்றினால் தட்டு முழுக்கச் செக்கச் சிவந்துபோகும். அப்படிச் சிவந்த ஒரு தட்டைப் படம் எடுத்து வந்து அம்மாவுக்குக் காட்டியவள் நான். தட்டில் நடப்பது முழங்காலுக்குள் நடக்காது என்று சொல்ல மட்டும் மறந்திருக்கிறேன்.

"ஒண்ணும் ஆகாதுடி. என் உடம்புல இருந்து எடுத்ததை எனக்கே திரும்பப் போட்டிருக்காங்க, அவ்வளவுதானே" என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் தானாகச் சொல்லவில்லை. அங்கே கொடுத்த வழவழப்பான மடக்குத் தாளில் முதல் வரியே அதுதான்.

கையில் கொடுத்தனுப்பிய காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'ஸ்டெம் செல் ஊசி, வலது முழங்கால், ஒரு டோஸ்' என்று இருந்தது. எண்ணிக்கை இல்லை. உயிரோடு இருந்தவை எத்தனை சதவீதம் என்பது இல்லை. எந்த முறையில் பிரித்தார்கள், கிருமிச் சோதனை நடந்ததா, எதுவுமே இல்லை. போன் செய்தேன். ஒரு பெண் பணிவாகத்தான் பேசினார். "கோடிக்கணக்குல இருக்கும் மேடம்" என்றார். எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது எங்க டெக்னிக் மேடம், வெளிய சொல்றதில்ல" என்றார். ஒரு பாராசிட்டமால் மாத்திரையின் உறையில்கூட எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. உயிருள்ள ஒன்றை மூட்டுக்குள் செலுத்திவிட்டு எவ்வளவு என்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

மூன்று வாரம் வலி குறைந்தது போல இருந்தது. அம்மா சந்தோஷப்பட்டார், நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் மாதம் வலி பழையபடி வந்துவிட்டது. அது பெரிய நஷ்டம் இல்லை. பெரிய நஷ்டம் வேறு. மூட்டு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது, அதை அசைக்கக் கூடாது என்று யாரோ சொல்லியனுப்ப, அம்மா பயிற்சியை அடியோடு நிறுத்திவிட்டார். வளரும், வளரும் என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் வலது தொடை, இடது தொடையைவிட கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துப்போனது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

ஊசியில் போகும் செல் மூட்டில் உட்கார்ந்து புது குருத்தெலும்பாக வளரும் என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். உங்கள் தலைப்பில் இருந்த 'முளைக்கும்' என்ற சொல் என்னைத் தூங்க விடாததும் அதனால்தான். விதை முளைப்பது போல இவை முளைப்பதில்லை. உடம்புக்குள் செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாளிலோ சில வாரத்திலோ காணாமல் போய்விடுகின்றன. ரத்தநாளத்தில் செலுத்தினால் முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்குகின்றன. இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில் அவை செய்யும் உபகாரம் வேறு மாதிரியானது. சுற்றியிருக்கும் திசுவுக்குச் சேதி அனுப்புகின்றன. புது ரத்தக்குழாய் விடத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. கொதித்துக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் செல்களை அமர்த்துகின்றன. சாகப்போகும் பக்கத்துச் செல்லைத் தாக்குப்பிடிக்க வைக்கின்றன. 1991இல் இந்த வகைச் செல்களுக்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பிய ஆர்னல்ட் கேப்லன் என்ற அறிவியலாளரே, 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள், 'மருத்துவச் சமிக்ஞைச் செல்கள்' என்று சொல்லுங்கள் என்று எழுதினார். ஸ்டெம் செல் என்ற சொல் மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெயர் வைத்தவரே வந்து திருத்தியிருக்கிறார், நாம்தான் பழைய பெயரையே பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முழங்கால் விஷயத்தில் என்னதான் தெரியும் என்று கேட்பீர்கள். 2014இல் தென்கொரியாவில் 18 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அவர்களுடைய கொழுப்பிலிருந்தே எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை மூன்று அளவுகளில் போட்டுப் பார்த்தார்கள். மிக அதிக அளவான 10 கோடி செல் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வலியும் நடையும் மேம்பட்டன. நல்ல தொடக்கம்தான். ஆனால் சிறிய ஆய்வு. பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளிவந்தது. 480 பேர். சிலருக்கு மஜ்ஜைச் சாறு, சிலருக்கு அன்றன்றே பிரித்த கொழுப்புக் கலவை, சிலருக்குத் தொப்புள்கொடித் திசுவின் செல்கள், மற்றவர்களுக்குச் சாதாரண ஸ்டீராய்டு ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எல்லாத் தரப்பிலும் வலி ஓரளவு குறைந்திருந்தது. செல் ஊசிகளில் எதுவும் ஸ்டீராய்டு ஊசியை முந்தவில்லை. அம்மாவுக்குப் போட்டதும் இப்படி அன்றன்றே பிரித்த கலவையாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு அந்த மூன்று வாரம் கிடைத்த நிம்மதி எந்த ஊசிக்கும் கிடைத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாமே ஏமாற்று என்று யாராவது முடிவு கட்டினால் எனக்கு அதைவிட வருத்தம் இருக்காது. 2013இல் டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வை நான் பலருக்கும் சொல்வதுண்டு. ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் ஒட்டுச் சிகிச்சையில் பெரிய தொல்லை, வைத்த கொழுப்பு கரைந்துபோவது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு மார்பைச் சீரமைக்கும் பெண்களுக்கு இதனால் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை தேவைப்படும். டென்மார்க் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு தன்னார்வலருக்கும் ஒரு மேல்கையின் பின்புறத்தில் வெறும் கொழுப்பை வைத்தார்கள். மறுகையில், அதே ஆளின் கொழுப்பிலிருந்து வளர்த்த செல்களை, ஒரு மில்லிக்கு 2 கோடி வீதம் கலந்து வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். வெறும் கொழுப்பில் மிஞ்சியது 16 சதவீதம். செல் கலந்ததில் 81 சதவீதம். பத்துப் பேர்தான், இருந்தாலும் ஒரே ஆளின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டதால் அதற்கு மேல் நேர்மையான ஒப்பீடு கிடையாது. கவனியுங்கள், எத்தனை செல் என்று மில்லிக்கணக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

எலும்பிலும் முயன்றிருக்கிறார்கள். ஜெர்மனியில் தலையில் பலத்த அடிபட்டு மண்டையோட்டில் பெரும்பகுதியை இழந்த 7 வயதுச் சிறுமிக்கு, அவளுடைய இடுப்பெலும்புத் துருவலோடு கொழுப்பிலிருந்து எடுத்த செல்களையும் சேர்த்து வைத்தார்கள். மூன்று மாதத்தில் அந்த இடைவெளியில் எலும்பு வளர்ந்திருந்ததை 2004இல் வெளியிட்டார்கள். ஃபின்லாந்தில் 2009இல் வெளிவந்தது இன்னும் வியப்பானது. மேல்தாடையில் பாதியை இழந்த ஒருவருக்கு, அவருடைய கொழுப்புச் செல்களைச் சுண்ணாம்பு உப்புத் துகள்களோடும் எலும்பைத் தூண்டும் ஒரு புரதத்தோடும் சேர்த்து, அவருடைய வயிற்றுத் தசைக்குள்ளேயே எட்டு மாதம் வைத்து வளர்த்து, பிறகு எடுத்து முகத்தில் பொருத்தினார்கள். இரண்டுமே ஒற்றை நோயாளிகளின் கதை. செல்லோடு வேறு பொருள்களும் சேர்ந்திருந்ததால் பலனில் செல்லின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தண்டுவடக் காயத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 10 பேருக்குக் கொழுப்பிலிருந்து வளர்த்த 10 கோடி செல்களைத் தண்டுவட நீரில் செலுத்தியது. 7 பேருக்கு உணர்ச்சியிலோ அசைவிலோ ஒரு படியாவது முன்னேற்றம் தெரிந்தது என்று 2024இல் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் செல் போடாத இன்னொரு குழு அதில் இல்லை. மனிதர்களிடம் முதன்முதலாகச் செய்து பார்க்கும் முதல் கட்டச் சோதனையில் பெரும்பாலும் இருக்காது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த 7 என்ற எண்ணுக்கு அர்த்தம்.

உங்கள் கட்டுரையில் வராத ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக முக்கியமான கதை அதுதான். க்ரோன் நோய் என்று குடலில் வரும் அழற்சி நோய் ஒன்று உண்டு. அதில் சிலருக்கு ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரம் வந்துவிடும். ஒரு வாய், இரண்டு வாய் என்று திறந்து, சீழ் கசிந்துகொண்டே இருக்கும். உட்கார முடியாது, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போக முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத இப்படிப்பட்டவர்களுக்கு, ஆரோக்கியமானவர்கள் தானம் தந்த கொழுப்பிலிருந்து வளர்த்த 12 கோடி செல்களைப் பவுத்திரத்தைச் சுற்றி ஊசியில் போடும் சிகிச்சை ஐரோப்பாவில் உருவானது. 212 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. செல் போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் ஆறியிருந்தது. செல் இல்லாத ஊசி போட்டவர்களில் 34 சதவீதம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மருந்தாக ஏற்று அனுமதி கொடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கும் அந்த மருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடியில் படிந்ததற்குக் கிடைத்த மரியாதை என்ற சந்தோஷம்தான்.

அந்த 34 சதவீதத்தையும் பாருங்கள். செல் போடாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது. காரணம், இரண்டு தரப்புக்கும் அறுவை மருத்துவர்கள் பவுத்திரப் பாதையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உள்வாயைத் தைத்து மூடியிருந்தார்கள். அந்தக் கைவேலையே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெருமையும் செல்லின் கணக்கில் ஏறியிருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டாவது சோதனை நடந்தது. 2023இல் முடிவு வந்தபோது இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2024 டிசம்பரில் அந்த மருந்தை ஐரோப்பியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் அந்த முடிவுக்குத் தலை வணங்குகிறேன். அங்கே எத்தனை செல் என்று தெரியும், யாருக்குப் போட்டார்கள் என்று தெரியும், பலன் இல்லை என்றபோது அதையும் வெளியே சொன்னார்கள். என் அம்மாவுக்குப் போட்டவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படியிருக்கிறீர்கள் என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை. பலன் இருந்ததா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாமலே அடுத்தவருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'உங்கள் சொந்தச் செல்தானே' என்ற அந்த வரிக்கு வருகிறேன். 2017இல் அமெரிக்காவின் மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று முதிய பெண்களைப் பற்றிய அறிக்கை வந்தது. வயதானால் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய் அவர்களுக்கு. ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் பணம் கட்டி, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் ஊசியில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு கண்ணிலும், ஒரே நாளில். ஒன்று கெட்டால் ஒன்றாவது மிஞ்சும் என்று கண் மருத்துவர்கள் இம்மாதிரி புதிய சிகிச்சையை ஒரு கண்ணில்தான் முதலில் செய்வார்கள். அந்தக் குறைந்தபட்ச எச்சரிக்கைகூட அங்கே இல்லை. சில நாளில் கண்ணுக்குள் ரத்தக்கசிவு, விழித்திரைப் பிரிவு. மூவருக்கும் பார்வை கடுமையாகப் போய்விட்டது. அதற்கு முன்னால் அவர்கள் மங்கலாகவாவது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அதுவும் சொந்தச் செல்தான். இப்படிப்பட்ட கிளினிக்குகள், இது மருந்தே இல்லை, ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து அவருக்கே வைக்கும் அறுவை சிகிச்சைதான், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இதில் வேலை இல்லை என்று அந்த நாட்டு நீதிமன்றங்களில் வாதாடின. 2021இலும் 2024இலும் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. என்சைம் போட்டுக் கரைத்து, சுற்றி, பிரித்து எடுத்தது பழைய கொழுப்பு இல்லை, மருந்து என்ற கணக்கில்தான் வரும் என்றன. குழாயின் அடியில் அந்தப் படிவை ஆயிரம் முறையாவது பார்த்தவள் என்ற முறையில் எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். இந்தச் சிகிச்சை பற்றி அடுத்த முறை எழுதும்போது, பேட்டி கொடுக்கும் மருத்துவரிடம் தங்கள் நிருபர் இதைக் கேட்கட்டும்: எத்தனை செல் போடுகிறீர்கள், யார் எண்ணினார்கள்? வளர்த்ததா, அன்றே பிரித்த கலவையா? இதே நோய்க்கு, இதே முறையில், ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வு எது? ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்குவது ஏன்? ஒரு வருடம் கழித்து எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தீர்கள்? பதில் வந்தால் பதிலைப் போடுங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று போடுங்கள். படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். தலைப்பில் 'முளைக்கும்' மட்டும் வேண்டாம்.

அம்மா இப்போது மறுபடி பயிற்சி செய்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, இறக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். ஏழுக்கு மேல் கால் நடுங்கும். தொடையை நாடாவால் அளந்து நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் தசை கொஞ்சமாவது தேறட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அம்மாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் கதை வரும் இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். சற்று நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எடுக்காதே, இருக்கட்டும். அந்த ரூம்ல என் பக்கத்து நாற்காலியில இன்னும் மூணு பேரு உக்காந்திருந்தாங்க" என்றார்.

இப்படிக்கு,
திசு வளர்ப்பு ஆய்வகத்தில் பணியாற்றிய ஒரு வாசகி